வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர்

அஜ்மானில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் இருக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மே மாதம் பாதி ஆனதும் வீட்டில் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவோம். அதற்குப் பிறகு குளிக்கப் போனால் நீலப் புள்ளி போட்ட குழாயைத் தொடக்கூடாது. சிவப்புப் புள்ளி போட்டதைத்தான் திறக்க வேண்டும்.

காரணம் எளிது. நீலக் குழாய்க்கு வரும் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக வருகிறது. நாள் முழுக்க வெயிலில் கிடந்த தண்ணீர். ஆகஸ்ட் மாதம் மதியம் அதில் கை வைத்தால் சுரீர் என்றிருக்கும். சிவப்புக் குழாய்த் தண்ணீரோ, பாத்ரூம் கூரைக்குள் மறைத்து வைத்திருக்கும் ஹீட்டர் தொட்டியில் ஏசி வீட்டுக்குள் சில மணி நேரம் தங்கி, ஆறி வருகிறது. ஆக, வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர், பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர். எங்கள் வீட்டுத் தொட்டி 50 லிட்டர். முதலில் குளிப்பவருக்கு யோகம், மூன்றாவது ஆளுக்குச் சுடுதண்ணீர். எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டைகளில் பாதி இதற்காகத்தான்.

இந்தக் கதையை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன குளிர்காலத்தில் லெஸ்டரில் இருக்கும் பெரியப்பா மகள், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். வீட்டின் பின்சுவரை ஒட்டி, புல் தரையில், மின்விசிறி வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு இதை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சூடும் குளிக்க வெந்நீரும் இனி இதிலிருந்துதான். ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் என்று பெயர். இங்கிலாந்து அரசு இதற்கு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. "பாக்க உங்க ஊரு ஏசி அவுட்டோர் மாதிரியே இருக்கு சித்தப்பா, ஆனா ஐஸ் காத்து தள்ளுது" என்று எழுதியிருந்தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இது நம்ம சாமான்தான். திருப்பிப் போட்டிருக்கான்."

அப்பா ஏசி மெக்கானிக். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, ஐடிஐயில் ரெஃப்ரிஜிரேஷன் படித்துவிட்டு, 1994இல் இங்கே வந்தவர். அவர் சொன்ன அந்த ஒரு வரி சரிதானா என்று தேடப் போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் இருக்கிறது அல்லது குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஏசி செய்யும் வேலை. தாத்தா காலத்தில் கிணற்றிலிருந்து ஏற்றம் போட்டுத் தண்ணீர் இறைத்தார்களே, அது மாதிரி. தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு ஓடும். மேட்டுக்குக் கொண்டுவர ஆள் உழைக்க வேண்டும். வெப்பமும் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். எதிர்த் திசையில் கொண்டுபோக கம்ப்ரஸர் உழைக்க வேண்டும். ஏற்றத்தில் வாளி இருக்கிற இடத்தில் இங்கே ஒரு வாயு இருக்கிறது. அப்பாவும் அவர் நண்பர்களும் 'கேஸ்' என்று சொல்வது அதைத்தான்.

பல வருடம் அவர் கையாண்ட கேஸின் பெயர் ஆர்-22. திறந்த வெளியில் அது மைனஸ் 41 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும் எதுவும் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கையில் சானிடைசர் தடவினால் ஜில்லென்று இருப்பதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தினால் அது சூடாகிறது. சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பகுதி சுடுவது போல. சூடான ஆவி வெளிப் பெட்டிக்குப் போய், வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. இதே சுற்றுதான் திரும்பத் திரும்ப.

அஜ்மானில் வெப்பத்தை வீட்டுக்குள்ளிருந்து அள்ளித் தெருவில் கொட்டுகிறோம். லெஸ்டரில் அக்கா தெருவிலிருந்து அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறாள். 2 டிகிரிக் குளிர் காற்றில் என்ன வெப்பம் இருக்கப்போகிறது என்று தோன்றும். மைனஸ் 41இல் கொதிக்கிற பொருளுக்கு 2 டிகிரி என்பது அடுப்பு! ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் வீட்டுக்குள் வந்துசேரும். கம்பிச்சுருள் வைத்த சாதாரண ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். மாயம் எதுவும் இல்லை. ஹீட்டர் வெப்பத்தைத் தயாரிக்கிறது, இது வெளியில் கிடப்பதை இறைக்கிறது.

இனி வரலாறு. இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, இந்த யோசனைக்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம் என்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெயில் நாடுகளை ஆளப் போன ஐரோப்பியர்களுக்குப் பெரிய கவலை சூடு. சென்னைக்குப் போனவர்கள் மெரினா எதிரில் ஐஸ் ஹவுஸ் என்ற வட்டமான கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அது விவேகானந்தர் இல்லம். 1842இல் கட்டியபோது அது பனிக்கட்டிக் கிடங்கு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் சென்னைவரை அனுப்பினார். மாதக்கணக்கில் கடலில் வந்த பனி. வழியில் உருகியது போக மிஞ்சியதை வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும் வாங்கினார்கள். அந்தக் கட்டடம் இருந்த பேட்டையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் ஒரு துண்டாவது கிடைத்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் சார்லஸ் பியாசி ஸ்மித் என்ற வானியலாளர் வேறு வழி யோசித்தார். வெப்ப நாடுகளில் அறைக் காற்றை எப்படிக் குளிரவைப்பது என்று 1850 வாக்கில் எழுதினார். காற்றை அழுத்து, சூடாகும். அந்தச் சூட்டை ஆறவிடு. பிறகு விரியவிடு, குளிர்ந்துவிடும். இதைத் தொடர்ந்து 1852இல் வில்லியம் தாம்சன் ஒரு கட்டுரை எழுதினார். முப்பது வயதுகூட நிரம்பாத பேராசிரியர். பின்னாளில் லார்டு கெல்வின் ஆனவர், உங்கள் இயற்பியல் புத்தகத்தில் 'கே' என்று வருகிறாரே, அவர்தான். குளிரவைக்கும் அதே இயந்திரத்தைத் திருப்பினால் கட்டடத்தைச் சூடாக்கலாம், அதுவும் விறகையோ நிலக்கரியையோ நேராக எரிப்பதைவிட மிகக் குறைந்த செலவில் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பா வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துச் சொன்னதும் இதுதான். நூற்றி எழுபது வருடம் பிந்திச் சொன்னார், அவ்வளவே.

கெல்வின் கணக்கு சரி. ஆனால் யாரும் செய்யவில்லை. ஐரோப்பாவில் நிலக்கரி மண் விலைக்குக் கிடைத்தது. கணப்படுப்பில் நாலு கரித்துண்டு போட்டால் அறை சூடாகிவிடும் என்கிறபோது யார் மெனக்கெடுவார்கள்? முட்டுக்கட்டை வந்தபோதுதான் நினைவு வந்தது. சொந்தமாக நிலக்கரி இல்லாத சுவிட்சர்லாந்தில், ஜூரிக் நகர மன்றக் கட்டடத்துக்கு 1938இல் ஹீட் பம்ப் வைத்தார்கள். பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை இறைத்தது அது. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1945இல், ஜான் சம்னர் என்ற பொறியாளர் நார்விச்சில் ஒன்று கட்டினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த பழைய பாகங்களை வைத்துக் கட்டியது. அதன் பிறகு எண்ணெயும் எரிவாயுவும் மலிவானதும் இங்கிலாந்து அதை மறந்தது.

குளிரவைக்கும் பக்கமோ ஓடிக்கொண்டே இருந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் சுருங்கி விரிந்து, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் நவீன ஏசியின் தொடக்கம் என்பார்கள். மனிதர்களுக்காக இல்லை, காகிதத்துக்காக.

இங்கே, இந்தக் கடற்கரையில், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?

அஜ்மான் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். பீரங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கோட்டை அது. 1970வரை ஆட்சியாளரின் குடும்பம் அங்கே வாழ்ந்தது. பிறகு கொஞ்ச காலம் காவல் நிலையம். 1980களின் தொடக்கத்தில் அருங்காட்சியகம். அடுத்த முறை போனால் பீரங்கியை விட்டுவிட்டுக் காற்றுக் கோபுரத்தின் அடியில் நில்லுங்கள். அரபியில் பர்ஜீல். நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரம். உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு தடுப்புச் சுவர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தப் பக்கத்துக் குழியில் இறங்கி, அடியில் உட்கார்ந்திருப்பவர் மேல் வீசி, எதிர்ப்பக்கம் வழியாகச் சூட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். ஈரானின் லிங்கா துறைமுகப் பக்கமிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த கட்டடக் கலை இது. துபாய் பஸ்தகியாவில் வரிசையாகப் பார்க்கலாம்.

பவழக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கோபுரம் எழுப்ப எல்லோராலும் முடியாது. மற்றவர்களுக்கு அரீஷ், அதாவது பேரீச்ச ஓலைக் குடிசை. ஓலை இடுக்கு வழியாகக் காற்று வரும். சிலர் அந்தக் குடிசை மேலேயே சாக்குத்துணியைக் கம்பில் கட்டி ஏழைகளின் பர்ஜீல் செய்துகொண்டார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விவரம். கோடை முற்றினால் பெண்களும் குழந்தைகளும் ஒட்டகத்தில் உள்நாட்டுப் பேரீச்சைத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் போகமாட்டார்கள். முத்துக்குளிப்புக் காலமும் அதே கோடைதான். அவர்கள் கடலில் படகுகளில் வெந்துகொண்டிருப்பார்கள். வீட்டார் நிழலுக்குப் போக, சம்பாதிப்பவர் வெயிலுக்குப் போகும் வழக்கம் இந்த மண்ணுக்கு நாம் வந்த பிறகு வந்ததில்லை.

பிறகு எண்ணெய், கரண்ட், கான்கிரீட், ஏசி. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக, மிக வேகமாக. 1971 டிசம்பர் 2இல் அமீரகம் உருவானபின் பிறந்த ஒரு தலைமுறைக்குக் காற்றுக் கோபுரம் என்றால் ரவுண்டானா நடுவில் இருக்கும் அலங்காரம். கான்கிரீட் பெட்டிக்குள் ஓலை இடுக்கு கிடையாது. ஏசி நின்றால் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. அதனால் ஏசியை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தார்கள். அப்பா அதில் ஒருவர்.

அவர் வந்த நாட்களில் பெரும்பாலும் விண்டோ ஏசி. சுவரில் ஓட்டை போட்டு, பாதி உள்ளே பாதி வெளியே. நயீமியா, ரஷீதியா பக்கத்துப் பழைய கட்டடங்களில் அந்த ஓட்டைகளை அடைத்த தடம் இப்போதும் தெரியும். பிறகு ஸ்பிளிட் வந்தது; சூடான பாதி மொட்டை மாடிக்குப் போனது, அதோடு அப்பாவும் போனார். ஒரு நடுத்தரக் கட்டடத்தின் மாடியில் அறுபது, எழுபது வெளிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். வெளியே 44 என்றால் அந்தச் சந்துக்குள் இன்னும் மேலே. கம்ப்ளெயின்ட் வருவதெல்லாம் ஆகஸ்டில்தான். ஜனவரியில் யாருக்கு ஏசி ரிப்பேர்?

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒரு மாடியில் காலை பதினொரு மணிக்கு மயங்கி விழுந்தார். கூட வந்த ஹெல்பர் பையன் அவரை நிழலுக்கு இழுத்துப் போட்டு, தொட்டித் தண்ணீரை எடுத்து முகத்தில் தெளித்திருக்கிறான். தண்ணீரும் கொதித்ததாம். அதைச் சொல்லிவிட்டு அப்பா இன்றும் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை நேர் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். அப்பா விழுந்தது பதினொரு மணிக்கு.

இறைத்த வெப்பம் எங்கே போகிறது என்று வீட்டுக்குள் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரத்தைப் பற்றி 2014இல் ஒரு ஆய்வு வந்தது. ஏசிகள் கொட்டும் வெப்பத்தால் மட்டும் சில இடங்களில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் கூடுகிறது என்றது. தெரு சூடானால் ஏசி இன்னும் உழைக்கும். ஏசி உழைத்தால் தெரு இன்னும் சூடாகும். கேஸிலும் சிக்கல். ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும் என்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைவழி அது விலக்கப்பட்டுவருகிறது. அதற்கு மாற்றாக வந்தவை ஓசோனை விட்டன, பூமியைச் சூடாக்கின. அவற்றையும் குறைக்க 2015இல் துபாயில் கூடிப் பேசி, 2016இல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள். சில நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் அமீரகமும் இந்தியாவும் ஒன்றாகவே இருக்கின்றன. நமக்கு 2028வரை கூட்டிக்கொண்டு போகலாம், அதன் பிறகு கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும். அப்பா தன் வாழ்நாளில் மூன்று கேஸ் மாறியதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் வேறு அழுத்தம், வேறு கருவி, வேறு பயிற்சி.

அப்படியென்றால் அக்காவின் பெட்டி அஜ்மானுக்குத் தேவையா? வீட்டைச் சூடாக்க வேண்டாம்; மஸ்ஃபூத் மலைப்பக்கம் ஜனவரி இரவில் ஒரு கம்பளி வேண்டியிருக்கும், அவ்வளவே. வெந்நீருக்கு? கணக்குப்படி பார்த்தால் உலகத்திலேயே இதற்கு வசதியான ஊர்களில் இது ஒன்று. வெளிக்காற்று 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்; இறைக்கிற கிணறு அவ்வளவு மேலேயே நிறைந்து கிடக்கிறது. ஆனாலும் குடியிருப்புகளில் கம்பிச்சுருள் ஹீட்டர்தான். ஹீட்டர் வாங்குகிறவர் கட்டட உரிமையாளர், கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். விலை குறைந்ததை அவர் வாங்கிவிடுவார், நாம் கட்டிக்கொண்டிருப்போம். வருடத்தில் நாலைந்து மாதம்தானே என்று நாமும் பேசாமல் இருப்போம்.

ஓட்டல், மருத்துவமனை, சலவைக்கூடம் கதை வேறு. அவர்களுக்குக் கோடையிலும் 60 டிகிரி வெந்நீர் வேண்டும், இரவும் பகலும். அதனால் அங்கெல்லாம் ஹீட் பம்ப் வந்துகொண்டிருக்கிறது. அப்பா ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, 2019இல் ஒரு ஓட்டல் மாடியில் அப்படி நாலு பெட்டிகள் பொருத்தியது. லெஸ்டர் படத்தைப் பார்த்த அன்று ராத்திரிதான் அதை என்னிடம் சொன்னார்.

நல்ல ஆகஸ்ட். மற்றப் பக்கமெல்லாம் ஏசி பெட்டிகள் அனலைத் தள்ளிக்கொண்டிருக்க, இந்த நாலும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சக் காற்றை வெளியே விட்டன. பத்து டிகிரி குறைந்த காற்று. வெளியே 42 என்றால் இது 32. குற்றாலச் சாரல் இல்லை. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு. சோதனை ஓட்டம் முடிந்ததும் ஹெல்பர் பையன்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க?" என்று கேட்டேன்.

"நான் அவனுங்களுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன்" என்றார்.